மேசைமேல் வைத்த கோபுரப் பொம்மை: நுண்கலை இறுதியாண்டுத் திட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கோலாலம்பூரில் தனியார் உயர்கல்விக் கூடம் ஒன்றில் நுண்கலைப் பட்டம் படித்த மாணவி ஒருவர், இறுதியாண்டுச் சிற்பத் திட்டத்துக்காகச் சாந்தில் வடிக்கும் சுதை முறையில் ஒரு துவாரபாலகியை, அதாவது வாயில் காக்கும் பெண் உருவத்தை, செய்தார். உயரம் மூன்று அடி. இடைக்கால மதிப்பீட்டில் அதற்கு இரண்டு குறைகள் எழுதப்பட்டன. தலையும் தோளும் உடலுக்குப் பொருந்தாமல் பெருத்திருக்கின்றன என்பது ஒன்று. கண்கள் முடிக்கப்படவில்லை என்பது மற்றொன்று. மதிப்பெண் தேர்ச்சிக் கோட்டை ஒட்டி நின்றது. அடுத்த பருவத்தின் இறுதி மதிப்பீட்டில் அதே தலையும் அதே கண்களும், ஒரு கரணைச் சாந்துகூடக் கூட்டிக் குறைக்கப்படாமல், குழுவின் பாராட்டைப் பெற்றன. நடுவில் என்ன நடந்தது என்பதைப் பதிவு செய்வதே இந்த ஆய்வு.

இறுதி மதிப்பீட்டுக்கு வெளியிலிருந்து அழைக்கப்பட்ட உறுப்பினராக நான் சென்றிருந்தேன். மாணவியின் பணிக்குறிப்பேட்டையும் இரண்டு மதிப்பீட்டுத் தாள்களையும் அவருடைய சம்மதத்தோடு படித்தேன். அவருக்குக் கோயிலில் வேலை கற்றுத்தந்த சிற்பியிடமும், கல்விக்கூடத்தின் கலை வரலாற்று விரிவுரையாளரிடமும் தனித்தனியே பேசினேன். யாருடைய பெயரும் கல்விக்கூடத்தின் பெயரும் இங்கே இடம்பெறவில்லை. யாரையும் குற்றம் சாட்டும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் இது மறுபடியும் நடக்கக்கூடியது, தடுக்கவும் கூடியது. அதனால்தான் எழுதுகிறேன்.

பாடத்திட்டத்தின் அமைப்பு

மலேசியாவில் இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட்டுக்கு மாணவர் 40 மணி நேரம் உழைக்க வேண்டும் என்பது கணக்கு. நுண்கலையில் அந்த உழைப்பின் பெரும்பகுதி ஸ்டூடியோவுக்குப் போகிறது: வரைதல், ஓவியம், அச்சு, சிற்பம். கலை வரலாறு வேறு அறையில், வேறு விரிவுரையாளரிடம், வேறு தேர்வாக நடக்கிறது. இந்த மாணவியின் கல்விக்கூடத்தில் கலை வரலாற்று விரிவுரையாளர் ஸ்டூடியோ மதிப்பீட்டில் உட்காருவதே இல்லை. விதி எதுவும் தடுக்கவில்லை, வழக்கம் அப்படி.

இந்த வழக்கத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1960இல் பிரிட்டனில் வில்லியம் கோல்ட்ஸ்ட்ரீம் தலைமையிலான குழு, கலைப்பள்ளிகளின் பட்டயப் படிப்பு நேரத்தில் சுமார் 15 விழுக்காட்டைக் கலை வரலாற்றுக்கும் துணைப்பாடங்களுக்கும் ஒதுக்கச் சொன்னது. கை மட்டும் பழகிய ஓவியர்கள் போதாது, படித்த ஓவியர்கள் வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் ஒதுக்கிய நேரம் ஒதுங்கிய பாடமாகவும் ஆனது. அந்தப் பத்தாண்டில் பிரிட்டனில் படித்துத் திரும்பியவர்கள் பலர் இங்கே முதல் தலைமுறை ஆசிரியர்களானார்கள். லண்டன் ஹார்ன்சி கலைக் கல்லூரியில் பயின்ற ரெட்சா பியாதாசாவும் சுலைமான் ஈசாவும் அவர்களில் இருவர். மாரா தொழில்நுட்பக் கழகத்தின் கலைப்பள்ளியும் மலேசியக் கலைக் கழகமும் 1967இல் தொடங்கின. பாடங்களை அடுக்கிய முறை பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து வந்தது.

அந்த முதல் தலைமுறையே அதைக் கேள்வியும் கேட்டது என்பதை மறக்கக் கூடாது. மேலை நாட்டார் கலையைப் பார்க்கும் முறையை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டு, பியாதாசாவும் சுலைமானும் 1974இல் கோலாலம்பூரில் ஒரு கண்காட்சியே நடத்தினார்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1970களில் டி.கே. சபாபதி கலை வரலாறு கற்பித்தார். அவரும் பியாதாசாவும் சேர்ந்து எழுதிய நவீன மலேசிய ஓவியர்கள் பற்றிய நூல் 1983இல் வெளிவந்தது. இந்த நாட்டுக் கலையை எப்படிப் பார்ப்பது என்ற யோசனை இங்கே அரை நூற்றாண்டாக இருக்கிறது. இறுதியாண்டு மதிப்பீட்டுத் தாள்வரை அது வந்து சேரவில்லை என்பதே என் ஆதங்கம்.

சாரத்தின் மேல்

மாணவியின் சொந்த ஊர் பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த். தமிழ்ப்பள்ளியில் படித்தவர். பருவ விடுமுறையில் ஊருக்குப் போனபோது, குடும்பத்தார் வழிபடும் கோயிலில் கும்பாபிஷேகத்துக்கான திருப்பணி நடந்துகொண்டிருந்தது. திருப்பணி முடியும்வரை தெய்வ சக்தியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றிவைக்கும் பாலாலயச் சடங்கு முடிந்து, கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த சிற்பிகள் சிதைந்த பொம்மைகளைப் பழுதுபார்த்தார்கள்; சிலவற்றைப் புதிதாகச் செய்தார்கள். கோபுரத்துச் சுதை உருவங்களை அவர்கள் பொம்மை என்றுதான் சொல்வார்கள்.

பெண்பிள்ளை சாரத்தில் ஏறலாமா என்று நிர்வாகம் ஒரு கூட்டம் போட்டுப் பேசியது. பாலாலயம் ஆகிவிட்டதால் தடையில்லை என்று தலைமைச் சிற்பி சொன்ன பிறகு, முதல் நிலைவரை ஏற அனுமதி கிடைத்தது. மாணவி அவரை ஐயா என்று அழைத்தார். அவர் "பாப்பா, முதலில் மணலைச் சலி" என்று சொல்லி வேலையைத் தொடங்கிவைத்தார். குறிப்பேட்டின் தொடக்கப் பக்கங்கள் முழுவதும் மணலும் சிமெண்டும்தான்.

குறிப்பேட்டில் வேலை நடக்கும் முறை துல்லியமாக இருக்கிறது. சுவரிலிருந்து நீட்டிய இரும்புக் கம்பி உருவத்தின் முதுகெலும்பு. அதைச் சுற்றி உடைத்த செங்கல் வைத்துக் கம்பியால் கட்டுகிறார்கள். கரடுமுரடான முதல் பூச்சு உடம்பின் திரட்சியைத் தருகிறது. அது இறுகியதும் சலித்த மணலில் குழைத்த அடுத்த பூச்சு. அதில்தான் இடுப்பின் வளைவும் முழங்காலும் வருகின்றன. நகைகள் கடைசியில். சாந்தைத் திரித்துச் சரமாக ஒட்டி, அது பாதி இறுகிய நேரத்தில் சின்னஞ்சிறு இரும்புத் தகட்டால் ஒவ்வொரு முத்தாக வெட்டுகிறார்கள். முந்தினால் முத்து நசுங்கும், பிந்தினால் உதிரும். பினாங்கின் ஈரக் காற்றில் சாந்து இறுகத் தமிழ்நாட்டைவிட அதிக நேரம் எடுக்கிறது என்றும், பிற்பகல் மழைக்குத் தார்ப்பாய் கட்டுவதிலேயே பாதி வேலை போகிறது என்றும் ஐயா சலித்துக்கொண்டதை மாணவி எழுதியிருக்கிறார். சுண்ணாம்போடு கடுக்காய் நீரும் வெல்ல நீரும் சேர்த்து அரைத்த பழைய சாந்து வகையை அவர் வாயால் சொல்லத்தான் கேட்டார்; பார்க்கக் கிடைக்கவில்லை.

இந்த ஆய்வுக்கு முக்கியமானவை இரண்டு பாடங்கள்.

முதலாவது அளவு. சிற்ப நூல்கள் உருவத்தின் உயரத்தைத் தாலக் கணக்கில் தருகின்றன. ஒரு தாலம் 12 அங்குலம். இந்த அங்குலம் அடிக்கோலில் உள்ளதல்ல, அந்தந்த உருவத்தின் உயரத்தைப் பங்கிட்டு வருவது. சிவனுக்கும் திருமாலுக்கும் உத்தம தச தாலம், 124 அங்குலம். அம்மனுக்கு மத்திம தச தாலம், 120. பிள்ளையாருக்குப் பஞ்ச தாலம் போதும். மாணவி இதையெல்லாம் மனப்பாடமாகக் கொண்டுபோய்ச் சொன்னபோது ஐயா மறுக்கவில்லை. நூல் அளவு நேருக்கு நேர் நின்று கும்பிடுகிற மூர்த்திக்கு. கோபுரத்தில் அண்ணாந்து பார்க்கிற பொம்மைக்குத் தலையையும் தோளையும் சற்றுக் கூட்டி, கால்களைக் குறுக்கி, மார்பை முன்னுக்குச் சாய்க்க வேண்டும் என்றார். கீழேயிருந்து பார்க்கும்போது மேற்பகுதி விலகிப்போய்ச் சிறுத்துத் தெரியும். அந்த இழப்பை முன்கூட்டியே ஈடுசெய்வது சிற்பியின் பொறுப்பு. ஒவ்வொரு நிலைக்கும் எவ்வளவு கூட்டுவது என்பது அவர் கையில் இருந்தது, எழுத்தில் இல்லை. வேலை செய்யும்போது அடிக்கடி இறங்கிப்போய் வாசலில் நின்று பார்த்துவிட்டு மறுபடியும் ஏறினார்.

இரண்டாவது கண். கண் திறப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. கும்பாபிஷேகம் நெருங்கி, வர்ணம் எல்லாம் முடிந்த பிறகுதான் கருவிழி எழுதுவார்கள். மாணவி கல்லூரியில் ஓர் உருவம் செய்யப்போவதாகச் சொன்னதும் ஐயா ஒரே நிபந்தனை விதித்தார்: கண் திறக்கக் கூடாது. திறந்துவிட்டால் அது பார்க்கும். பார்ப்பதை ஒரு மூலையில் போட்டுவைக்கக் கூடாது. அதனால்தான் கர்ப்பக்கிருக மூர்த்தி எதையும் செய்யாமல் துவாரபாலகியைத் தேர்ந்தெடுத்தார் மாணவி. கண்ணையும் வெறுமையாகவே விட்டார்.

இடைக்கால மதிப்பீடு

உருவம் கல்லூரி ஸ்டூடியோவில், மேசைமேல், குழுவின் கண்மட்டத்தில் வைக்கப்பட்டது. அங்கே எல்லாமே அப்படித்தான் வைக்கப்படும். ஒரு மாணவருக்குப் பதினைந்து நிமிடம்.

மதிப்பீட்டுத் தாளில் இருந்த குறிப்புகளைச் சுருக்கித் தருகிறேன். உடலமைப்பு விகிதத்தில் தேர்ச்சி போதவில்லை. முகம் முடிக்கப்படவில்லை, நேர நிர்வாகத்தில் கவனம் தேவை. முதுகுப் பக்கம் கம்பியும் செங்கல்லும் தெரிகின்றன. ஏற்கெனவே உள்ள சமய மரபின் நகலாக இருக்கிறது. மாணவரின் சொந்தக் குரல் எங்கே?

மாணவி விளக்க முயன்றார். விகிதம் வேண்டுமென்றே செய்தது என்றதும், எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்ற பதில் வந்தது. கண்ணைப் பற்றிச் சொன்னதை நம்பிக்கை சார்ந்தது, கலை சார்ந்ததல்ல என்று ஒதுக்கினார்கள். இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்த செய்தி: குழுவில் ஒருவர் தமிழர். கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். கோபுரப் பொம்மைகளை வாழ்நாள் முழுக்கக் கீழிருந்து பார்த்தவர். அவர் கண்ணுக்கும் அது படவில்லை. ஆகவே, குழுவில் நம்மவர் ஒருவர் இருந்தால் சரியாகிவிடும் என்று இந்த நிகழ்வை வாசிப்பது தவறு. அன்று அந்த அறையில் இல்லாமல் போனது, ஒரு சிற்பம் எங்கே நிற்கச் செய்யப்பட்டது என்ற கேள்வி. அதைக் கேட்பதற்குப் பயிற்சி தருகிற பாடம் அதே கட்டடத்தின் மாடியில் நடந்துகொண்டிருந்தது.

அந்தப் பாடத்திலும் மாணவிக்கு ஒரு சறுக்கல் இருந்தது. கலை வரலாற்று நீள்கட்டுரைக்கு மலேசியக் கோபுரச் சுதை என்ற தலைப்பைக் கேட்டிருந்தார். அச்சில் வந்த ஆதாரங்கள் போதாது என்று மறுக்கப்பட்டது. விரிவுரையாளர் பட்டியலிட்ட தலைப்புகளில் ஒன்றான பதினைந்தாம் நூற்றாண்டு ஃபுளோரன்ஸ் சிற்பங்களை மனமில்லாமல் எடுத்துக்கொண்டார்.

திருப்பம்

மாடியில் ஒரு விரிவுரையில் இத்தாலியச் சிற்பி டொனாட்டெல்லோவின் புனித யோவான் சிலைப் படம் திரையில் வந்தது. 1408இல் ஃபுளோரன்ஸ் பேராலய முகப்புக்காகத் தொடங்கி 1415இல் முடித்த, அமர்ந்த கோலத்துப் பளிங்குச் சிலை. மார்புப் பகுதி அசாதாரணமாக நீண்டிருக்கும். மடியும் கால்களும் குறுகியிருக்கும். நேரே பார்த்தால் பிசகு. மாடத்தில் வைத்துக் கீழேயிருந்து பார்த்தால் சரியாகிவிடும். விரிவுரையாளர் இரண்டு கோணத்திலும் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, பார்வையாளரின் நிலையைக் கணக்கில் எடுத்த மேதைமை என்று விளக்கினார்.

மாணவி கையைத் தூக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் விரிவுரையாளரிடம் போய், கீழே ஸ்டூடியோவில் இதேபோல ஒன்று இருக்கிறது, ஐந்து நிமிடம் வர முடியுமா என்று கேட்டார். விரிவுரையாளர் வந்தார். அந்தக் கல்லூரியில் பல ஆண்டுகளாகப் பணியாற்றியவர். மாணவர் வேலையைப் பார்க்கச் சிற்ப ஸ்டூடியோவுக்குள் வந்தது அதுவே முதல் முறை என்று அவரே என்னிடம் சொன்னார். மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். போதவில்லை என்று தோன்றியதும் சிமெண்ட் தூசியில் அப்படியே மல்லாந்து படுத்துப் பார்த்தார். எழுந்து, நீள்கட்டுரைத் தலைப்பை மாற்றிக்கொள்ளலாம் என்றார்: டொனாட்டெல்லோவையும் கோபுரச் சுதையையும் ஒப்பிட்டு, உயரமும் விகிதமும் பற்றி. அச்சு ஆதாரம் குறைவாக இருந்தால் அளந்து ஆதாரம் உண்டாக்கு என்றும் சொன்னார். அந்த மனிதரின் பெருந்தன்மையை நான் இங்கே பதிவு செய்தே ஆக வேண்டும். மறுத்தவரும் அவர்தான், மறுப்பைத் திரும்பப் பெற்றவரும் அவர்தான்.

மாணவி அளந்தார். கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்தின் ஐந்து நிலை ராஜகோபுரம் ஏறக்குறைய 23 மீட்டர் உயரம். பினாங்கு குயின் ஸ்திரீட் மாரியம்மன் ஆலயம் 1833இல் எழுந்தது. அதன் கோபுரம் அதைவிட மிகச் சிறியது, தெருவும் குறுகலானது. இரண்டு வாசலிலும் பக்தர் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து படமெடுத்து, ஒவ்வொரு நிலை உருவத்திலும் தலைக்கும் உடலுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டார். சொந்தக் கோயிலில் சாரத்தின்மேல் நாடா பிடித்து எடுத்த அளவுகள் ஒப்பீட்டுக்குக் கைகொடுத்தன. நேர் அளவு இருக்கும் இடத்திலும் படத்தில் தெரியும் அளவு மட்டும் இருக்கும் இடத்திலும் எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்று கட்டுரையில் பிரித்துக் காட்டியிருந்தார். முதுகலை ஆய்வேடுகளிலும் அந்த ஒழுங்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

இறுதி மதிப்பீடு

பொம்மையை மேசையிலிருந்து எடுத்தார்கள். நான்கு பேர் தூக்க வேண்டிய கனம். கட்டடத்தின் மாடிப்படிக் கூடத்தில், முதல் தளத்துக்கும் இரண்டாம் தளத்துக்கும் நடுவே, சுவரில் இரும்புத் தாங்கி பொருத்தி, பாதுகாப்பு அலுவலரின் ஒப்புதலோடு ஏற்றினார்கள்.

நான் கீழ்த்தளக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்து அண்ணாந்தேன். துவாரபாலகி நின்றாள். தலை உடலோடு பொருந்தியிருந்தது. முன் சாய்ந்த மார்பு, நிமிர்ந்த மார்பாகத் தெரிந்தது. படியேறத் தொடங்கியதும் உருவம் மெல்ல மாறியது. பாதி வழியில் தலை பெருக்கத் தொடங்கியது. கண்மட்டம் வந்தபோது இடைக்காலக் குழு பார்த்த அதே பொருந்தாத உடல். இன்னும் மேலே ஏறி இரண்டாம் தளத்தின் கைப்பிடியிலிருந்து எட்டிப் பார்த்தால் முதுகு: கம்பி, உடைந்த செங்கல், சாந்து வழிந்த தடம்.

சொந்தக் குரல் எங்கே என்று கேட்டிருந்தார்களே, அது இங்கே இருந்தது. கோபுரத்தில் எந்தப் பக்தரும் பார்க்க முடியாத முதுகைப் பார்க்கக் கொடுத்தது அவருடைய முடிவு. மரபு மறைப்பதை அவமதிக்காமல், மரபின் உழைப்பைக் காட்டினார். சென்னையில் பி.வி. ஜானகிராம் கோயில் கவசங்களின் தகட்டு வேலையை நவீனச் சிற்பத்துக்குள் கொண்டுவந்தபோது நடந்ததும் இதன் உறவுக்காரச் செயல்தான். ஜானகிராம் பயின்ற அதே சென்னைக் கலைக் கல்லூரியில் 1960களின் பிற்பகுதியில் மாணவராகச் சேர்ந்தவர் சையத் தாஜுதீன். தமிழ்நாட்டு அழகன்குளத்தில் பிறந்து பினாங்கில் வளர்ந்த மலேசிய ஓவியர். பினாங்குக்கும் சென்னைக்கும் நடுவே இப்படி ஒரு நவீனக் கலைத் தடம் இருப்பதை மாணவி மூன்றாண்டுப் படிப்பில் ஒரு வகுப்பிலும் கேள்விப்படவில்லை என்றார். அது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கண் வெறுமையாகவே இருந்தது. பக்கத்துச் சுவரில் இரண்டே வரி: சிற்பியின் நிபந்தனை இது; நான் ஒப்புக்கொண்டேன். குழுவில் யாரும் அதை முடிவுறாத வேலை என்று எழுதவில்லை. உடன் உழைத்தவருக்குக் கொடுத்த வாக்கு கலைப்படைப்பின் பகுதியாகலாம் என்பதை நானும் குறிப்பில் எழுதினேன்.

ஆய்வாளரின் மதிப்பீடு

இடைக்காலக் குழு அலட்சியமாக நடந்துகொள்ளவில்லை. மதிப்பெண் அட்டவணையில் கருத்து, செய்முறை, நுட்பம், முடிப்பு, காட்சிப்படுத்தல் என்று தலைப்புகள் உண்டு. உருவம் எந்த இடத்துக்காக, எந்தப் பார்வைக்காகச் செய்யப்பட்டது என்று கேட்க ஒரு கட்டமும் இல்லை. கண்மட்ட மேசை நடுநிலையானது என்று எல்லாரும் எண்ணிக்கொண்டார்கள். அது நடுநிலையல்ல, காட்சிக்கூடத்துச் சிற்பத்துக்கு மட்டுமே சாதகமான இடம்.

மாணவிக்கு வாய்த்தது மூன்று தற்செயல்கள்: ஊர்க் கோயிலில் திருப்பணி, ஒரு விரிவுரையில் ஒரு படம், தரையில் படுக்கத் தயங்காத ஒரு விரிவுரையாளர். இவற்றில் ஒன்று தவறியிருந்தால் மதிப்பெண் அப்படியே நின்றிருக்கும். தன்னை அளக்கும் கோலைத் தானே செய்து கொண்டுவந்து மதிப்பீட்டாளர் கையில் கொடுக்க வேண்டிய சுமை இருபத்திரண்டு வயது மாணவிமேல் விழுந்தது. மற்ற மாணவர்கள் யாருக்கும் அது இல்லை.

நான் எழுத்தில் கொடுத்த பரிந்துரைகளில் முதலாவதுக்குச் செலவே இல்லை: கலை வரலாற்று விரிவுரையாளர் இடைக்கால மதிப்பீட்டில் உட்கார வேண்டும். அடுத்தது, முதலாண்டு வரைதல் வகுப்பின் சில அமர்வுகளை பசார் செனி ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள மகாமாரியம்மன் ஆலயக் கோபுரத்தின் கீழ் நடத்துவது. அண்ணாந்து வரையக் கற்றுக்கொண்டவர் எந்தச் சிற்பத்தையும் கண்மட்டத்தில் மட்டும் வைத்துத் தீர்ப்பளிக்க மாட்டார்.

மூன்றாவதுதான் கடினம். சிற்பி ஐயாவைப் போன்றவர்களைக் கற்பிக்க அழைக்க வேண்டும். பட்டம் இல்லாதவரை விரிவுரையாளராகப் பதிய முடியாது என்று கல்லூரி நிர்வாகம் சொல்கிறது. அவர்களுடைய வேலை அனுமதியோ கோயில் பணிக்கு மட்டும், குறுகிய காலத்துக்கு. இந்த அனுமதிகள் கிடைப்பதில் உள்ள சிரமம் நம் நாளேடுகளில் ஓயாத செய்தி. இங்கேயே பிறந்து இந்த வேலையைக் கற்றவர்கள் மிகச் சிலரே. அவர்களுக்காவது முன்னனுபவத்தைத் தகுதியாக ஏற்கும் ஏபெல் முறை இந்த நாட்டில் இருக்கிறது. அதன் வழியாக ஒருவரையாவது கலைப் படிப்புக்குள் கொண்டுவர எந்தக் கல்லூரி முன்வந்தாலும் நான் உடன் நிற்பேன்.

முதல் பரிந்துரையைத் துறை ஏற்றுக்கொண்டது; வரும் பருவத்திலிருந்து நடைமுறைக்கு வருகிறது. இரண்டாவது பாடத்திட்டக் குழுவின் முன் இருக்கிறது. மூன்றாவதுக்கு இன்னும் பதில் வரவில்லை. பொம்மையைக் கல்லூரி வைத்துக்கொள்ள இடமில்லை என்றதால் மாணவி லாரி பிடித்து பட்டர்வொர்த்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். கோயில் நிர்வாகம் அதை மண்டபத்துக்கு வெளியே, மாடிச் சுவரில், அளந்து சொன்ன உயரத்தில் வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறது.